அண்டைப் புள்ளிகளின் சாட்சியம்

1969-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு, வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் பொருட்டு அமெரிக்க அரசாங்கம் வாஷிங்டன் நகரில் ஒரு குலுக்கல் நடத்திற்று. லீப் வருஷத்தின் 366 தேதிகளும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதப்பெற்று, நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகளில் அடைக்கப்பெற்று, ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டப்பட்டன. முதலில் எடுபட்ட தேதிக்கு 1, அடுத்ததற்கு 2 என்று 366 வரையில் வரிசை எண் கொடுத்துக்கொண்டே போனார்கள். 1944 முதல் 1950 முடியப் பிறந்த இளைஞர்களுள் எவன் முன்னதாகப் படைக்கு அழைக்கப்படுவான், எவன் வீட்டிலேயே தங்குவான் என்பதை அந்த எண்ணே நிர்ணயித்தது. முதல் குப்பியில் இருந்தது செப்டம்பர் 14. முடிவில் 195-ஆம் எண் வரையில் அழைப்புப் போயிற்று. அதற்கு அடுத்த எண்ணைப் பெற்ற தேதியில் பிறந்தவன் தப்பினான்.

குலுக்கல் முடிந்து வெகு நாள் ஆகுமுன்பே, வருஷக் கடைசியில் பிறந்தவர்களுக்குச் சிறிய எண்கள் அளவுக்கு மீறி வந்திருக்கின்றன என்ற முணுமுணுப்பு எழுந்தது. நாள் வரிசையைக் கிடை அச்சிலும் குலுக்கல் எண்ணை நிலை அச்சிலும் வைத்து, 366 புள்ளிகளையும் ஒரு தாளில் குறித்துப் பார்ப்பவனுக்கு அந்த முணுமுணுப்பின் ஆதாரம் எளிதில் புலப்படாது. தாள் முழுவதும் புள்ளிகள் இறைந்து கிடக்குமேயன்றி, இன்ன இடத்தில் செறிவு, இன்ன இடத்தில் வெறுமை என்று விரலை வைத்துக் காட்ட இயலாது. மாதவாரியாகச் சராசரி எடுத்தாலோ விஷயம் வேறு விதமாக இருக்கிறது. நேர்மையான குலுக்கலில் ஒவ்வொரு மாதத்தின் சராசரி எண்ணும் 183.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஜனவரிக்கு வந்தது 201.2, மார்ச்சுக்கு 225.8, டிசம்பருக்கு வெறும் 121.5. ஸ்டீபன் ஃபீன்பெர்க் என்ற புள்ளியியலறிஞர் 1971-இல் ‘சயின்ஸ்’ சஞ்சிகையில் இந்தச் சங்கதியை விஸ்தாரமாக ஆராய்ந்து எழுதினார். பிறந்த நாளுக்கும் குலுக்கல் எண்ணுக்கும் உள்ள உடன்தொடர்புக் கெழு −0.226. பார்வைக்கு அற்பமான எண்; ஆயினும், குப்பிகள் செவ்வனே கலக்கப்பட்டிருந்தால் இத்தனை பெரிய சாய்வு தற்செயலாக நேர்வதற்குரிய வாய்ப்பு ஐம்பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் குலுக்கலின் நேர்மையைப் பற்றிய எச்சரிக்கையாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இதில் ருசி வேறோரிடத்தில் இருக்கிறது. புள்ளியியலில் பயிற்சியுள்ள எவரும் இந்தப் புள்ளிகளைக் கண்டவுடன் செய்யும் முதற்காரியம், மீச்சிறு வர்க்க முறையால் அவற்றினூடே ஒரு நேர்கோட்டை இழுப்பது. இங்கே இரண்டு அச்சுகளிலும் அதே 1 முதல் 366 வரையிலான எண்களே நிற்பதால், கோட்டின் சாய்வும் உடன்தொடர்புக் கெழுவும் ஒன்றே: ஒரு நாள் பிந்திப் பிறந்தால் எண் 0.226 குறைகிறது. அந்தக் கணக்கின்படி ஜனவரி நடுவில் எதிர்பார்க்க வேண்டிய எண் 221. உண்மையில் கிடைத்த சராசரி 201. டிசம்பர் நடுவில் கோடு சொல்வது 146; உண்மை 121. இரண்டு முனைகளிலுமே கோடு உண்மைக்கு மேலே மிதக்கிறது. மார்ச் முதலான இடை மாதங்கள் பலவற்றில் அதற்குக் கீழே தாழ்கிறது. சாய்வு இருக்கிறது என்று அறிவிப்பதில் நேர்கோடு பிழை செய்யவில்லை. சாய்வு எங்கே தொடங்குகிறது, எங்கே கடுமையாகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. வருஷம் நெடுக ஒரே சரிவு என்ற அபிப்பிராயத்தை நாம்தான் முன்கூட்டி அதன் வாயில் போட்டுவிட்டோம். ஜனவரி 3-ஆம் தேதிப் புள்ளி சற்று மேலே இருந்திருந்தால், டிசம்பருக்கு அந்தக் கோடு கூறும் மதிப்பும் மாறியிருக்கும். தாளின் ஒரு மூலையில் கிடப்பது மறுமூலையில் நடந்த காரியத்துக்குச் சாட்சி சொல்ல வருவதை எந்த நியாயஸ்தலம் ஒப்பும்?

அண்டையில் இருப்பவனே சாட்சி, கிட்ட இருந்தவன் சொல்லுக்கு எட்ட இருந்தவன் சொல்லைவிட மதிப்பு அதிகம் என்ற நியாயத்தைக் கணிதமாக்கினால் கிடைப்பதே அண்மைத் தொடர்புப்போக்கு முறை. நியூ ஜெர்ஸியிலுள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாந்து 1979-இல் இதற்கு ஒரு செம்மையான வடிவத்தை அளித்தார். 1988-இல் சூசன் டெவ்லினுடன் சேர்ந்து அதனை விரித்தெழுதினார். லோவெஸ் என்றும் லோயஸ் என்றும் கணிப்பொறி நிரல்களில் வழங்குபவை இவற்றின் வழிவந்தவை. செய்முறையைக் குலுக்கலை வைத்தே பார்க்கலாம். ஜூலை முதல் தேதிக்கு எதிர்பார்க்கத்தக்க எண் யாது என்பது கேள்வி. எத்தனை அண்டைப் புள்ளிகளைக் கேட்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டால் 244. ஜூலை 1 லீப் வருஷத்தின் 183-ஆம் நாளாதலின், இருபுறமும் 122 நாள் போனால் ஒரு பக்கம் மார்ச் 1, மறுபக்கம் அக்டோபர் 31. இதுவே நமது சாளரம். இதற்கு வெளியே உள்ள தேதிகளுக்குப் பேச உரிமை இல்லை. உள்ளே இருப்பவற்றுக்கும் சம உரிமை இல்லை. ஒரு தேதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை 122-ஆல் வகுத்து, வந்த ஈவை மும்முறை பெருக்கி, அதை 1-இலிருந்து கழித்து, மீதியை மறுபடியும் மும்முறை பெருக்கினால் கிடைப்பது அதன் நிறை. ஜூலை முதல் தேதிக்கு நிறை 1. 61 நாள் தள்ளியிருக்கும் மே 1-க்கும் ஆகஸ்ட் 31-க்கும் ஏறக்குறைய 0.67. சாளரத்தின் பத்தில் ஒன்பது பங்கு தூரத்தில் உள்ளவற்றுக்கு 0.02. விளிம்பில் பூஜ்யம். இந்த நிறைகளோடு, சாளரத்துக்குள் அகப்பட்ட புள்ளிகளுக்கு மட்டும் ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அந்தக் கோடு ஜூலை 1-இல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மாத்திரம் குறித்துக்கொண்டு, கோட்டை அழித்துவிட வேண்டும். பிறகு ஜூலை 2-க்கு நகர்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இவ்வாறு 366 கோடுகளை இழுத்து அழித்தபின் எஞ்சும் உயரங்களைச் சேர்த்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். சூத்திரம் எதுவும் அதற்குக் கிடையாது. இருக்க வேண்டும் என்று எவரும் முன்னதாக விதிக்கவுமில்லை.

குலுக்கல் புள்ளிகளின்மீது அந்த வளைகோடு வருஷத்தின் முற்பகுதியில் பெரும்பாலும் மட்டமாகவே செல்கிறது. ஜனவரி முதல் மே வரையில் ஐந்து மாதங்களின் சராசரியும் 200-க்கு மேலே நிற்பதோடு இது பொருந்துகிறது. அதற்குப் பின்னரே சரிவு தொடங்கி, கடைசியில் கடுமையாகிறது. இந்த உருவம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஃபீன்பெர்க் தரும் விவரத்தின்படி, ஜனவரிக் குப்பிகளைப் பெட்டியில் இட்டு, அட்டையால் ஒருபுறமாக ஒதுக்கி, காலியான பக்கத்தில் பிப்ரவரிக் குப்பிகளைப் போட்டு, இரண்டையும் கலந்து, மறுபடியும் ஒதுக்கி, மார்ச்சைப் போட்டு, இப்படியே டிசம்பர் வரையில் போனார்கள். ஆகவே ஜனவரிக் குப்பிகள் மற்றவற்றோடு பதினொரு முறை கலந்தன. நவம்பர் இரண்டு முறை. டிசம்பர் ஒரே ஒரு முறை. எடுத்தவர்களின் கை பெரும்பாலும் மேலாக இருந்த குப்பிகளையே தொட்டது. பலமுறை கலந்த மாதங்கள் தங்களுக்குள் வேற்றுமையின்றி மட்டமாக நிற்பதும், குறைவாகக் கலந்த மாதங்கள் படிப்படியாகச் சரிவதும் அந்த விவரத்தை அறிந்தபின் இயல்பாகவே தோன்றும். வருஷம் நெடுக ஒரே சீரான சாய்வு என்று சொல்லும் நேர்கோட்டிலிருந்து ஒருவன் இந்தக் காரணத்தை ஊகித்திருக்க முடியாது.

முறை 1979-இல் திடீரென்று பிறந்ததன்று. செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய் போன்ற கோடுகளைக் கண்டதாகச் சொல்லிப் பிற்காலத்தில் புகழ்பெற்ற இத்தாலிய வானநூலார் ஸ்கியாபரெல்லி, 1866-லேயே அண்டைக் கணிப்புகளுக்கு மட்டும் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தும் யோசனையை ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்காவில் டி ஃபாரெஸ்டும் டென்மார்க்கில் கிராமும் அந்த நூற்றாண்டு முடியுமுன்பே அதே பாதையில் நடந்தார்கள். ஆனால் இந்த யுக்தியைத் தினசரிப் பிழைப்பாகக் கொண்டவர்கள் ஆயுள் காப்புக் கணக்கர்களே. ஒவ்வொரு வயதிலும் இத்தனை பேருக்கு இத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற அட்டவணையில் 43 வயதுக்காரன் 44 வயதுக்காரனைவிட அதிகமாகச் சாவதாகக் காணப்பட்டால், சந்தா நிர்ணயிப்பவர் பாடு சங்கடம். மான்செஸ்டர் யூனிட்டி ஆஃப் ஆட்ஃபெல்லோஸ் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தின் 1893–97 காலத்து நோய், மரண விகிதங்களைச் சீராக்குவதற்காக ஜான் ஸ்பென்ஸர் 1904-இல் வெளியிட்ட பதினைந்து புள்ளிச் சூத்திரம் இன்றும் பாடநூல்களில் உயிரோடு இருக்கிறது. நடுப்புள்ளிக்கு 74, அதன் இருபுறமும் 67, 46, 21, 3, −5, −6, −3. எல்லாவற்றையும் கூட்டி 320-ஆல் வகுக்க வேண்டும். பார்வைக்குத் தாறுமாறான இந்த நிறைகளுக்குள் ஒரு சாமர்த்தியம் மறைந்திருக்கிறது: நந்நான்காகக் கூட்டி, மறுபடியும் நந்நான்காகக் கூட்டி, ஐந்தைந்தாகக் கூட்டி, கடைசியில் −3, 3, 4, 3, −3 என்ற நிறைகளை இட்டால் அதே விடை வரும். பென்சிலும் தாளும் தவிர வேறு யந்திரம் இல்லாத குமாஸ்தாவின் சிரமத்தை மனத்தில் வைத்துச் செய்த கணிதம் அது.

ஓரங்களில் எதிர்க்குறி நிறைகள் ஏன் என்ற கேள்வி எழும். வேதியியல் பகுப்பாய்வுக் கருவிகளின் அளவைகளைச் சீராக்க சவிட்ஸ்கியும் கோலேயும் 1964-இல் தந்த ஐந்து புள்ளிச் சூத்திரத்தில் இதனைக் கையால் போட்டுப் பார்க்கலாம். அதன் நிறைகள் −3, 12, 17, 12, −3. வகுக்க வேண்டியது 35. 4, 1, 0, 1, 4 என்ற ஐந்து அளவைகளை எடுத்துக்கொள்ளுங்கள்; பிழையே இல்லாத ஒரு பள்ளம் இது, அடியில் பூஜ்யம். சாதாரணச் சராசரி எடுத்தால் நடு மதிப்பு 2 ஆகிவிடுகிறது, பள்ளம் தூர்ந்துபோகிறது. மேற்படி நிறைகளை இட்டால் −12, 12, 0, 12, −12, கூட்டுத்தொகை பூஜ்யம், பள்ளம் இருந்தபடியே இருக்கிறது. உச்சிகளை வெட்டாமலும் பள்ளங்களை நிரப்பாமலும் இரைச்சலை மட்டும் தணிக்க வேண்டுமானால், அண்டைப் புள்ளிகளின் சராசரி போதாது. அவற்றினூடே ஒரு வளைவைப் பொருத்தியாக வேண்டும். கணக்கர்கள் ஒரு பக்கமும், வேதியியலார் ஒரு பக்கமும், பொருளாதாரக் காலத்தொடரை ஆராய்ந்தவர்கள் வேறொரு பக்கமுமாக, ஒருவர் எழுதியதை மற்றவர் படியாமலே இதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்தார்கள் என்பது சாஸ்திர வரலாற்றின் வழக்கமான வேடிக்கை.

மூன்றில் இரண்டு பங்கு என்று மேலே சுலபமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். இம்முறையின் முழு விவாதமும் உண்மையில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே குலுக்கல் புள்ளிகளுக்குச் சாளரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கினால், வளைகோடு மாதத்துக்கு மாதம் துள்ளத் தொடங்கும். மார்ச்சில் ஒரு மேடு, செப்டம்பரில் ஒரு பள்ளம், அக்டோபரில் மீண்டும் ஒரு மேடு. செப்டம்பரின் சராசரி 157.3, அக்டோபரின் சராசரி 182.5, நவம்பரின் சராசரி 148.7. அக்டோபருக்கு ஏதோ விசேஷ அனுக்கிரகம் கிடைத்தது என்று கதை கட்ட ஆசை வரும். 1 முதல் 366 வரையிலான எண்களின் திட்ட விலக்கம் சுமார் 106 ஆதலால், 31 நாள்களின் சராசரிக்கு 19 வரையில் திட்டப் பிழை உண்டு. இரண்டு மாதச் சராசரிகளின் வித்தியாசத்துக்கோ 27. செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் உள்ள வித்தியாசம் 25 தான். அந்த மேட்டை நம்புவதற்கு நியாயம் இல்லை. டிசம்பர் மட்டும் 183.5-க்கு 62 கீழே, மூன்று திட்டப் பிழைகளுக்கும் அப்பால் கிடக்கிறது. சாளரத்தை வருஷம் முழுவதற்கும் அகலமாக்கினால் மேடுகளோடு உண்மையான வளைவும் நீங்கி, நாம் எந்த நேர்கோட்டைக் குறைகூறினோமோ அதற்கு அருகிலேயே திரும்பி வந்து சேருவோம். குறுகிய சாளரத்தில் பிழையின் அலைவு அதிகம்; அகன்றதில் ஒருபக்கச் சாய்வு அதிகம். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். இரண்டையும் சமன்செய்யத் தானியங்கி விதிகள் பல உண்டு. ஒவ்வொரு புள்ளியாக விலக்கி வைத்து, மற்றவற்றால் அதனை எவ்வளவு சரியாக ஊகிக்க முடிகிறது என்று பார்க்கும் விதி அவற்றுள் பிரசித்தமானது. ஆயினும் என் அபிப்பிராயத்தில், சாளரத்தின் அகலம் ஓர் அனுமானம். அதை ஆராய்ச்சியாளர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வெளிப்படையாக எழுத வேண்டும். ஆர் என்னும் மென்பொருளில் ஒரு கட்டளை மூன்றில் இரண்டு பங்கையும், அதன் இளைய சகோதரம் நான்கில் மூன்று பங்கையும், பயன்படுத்துவோர் வேறு சொல்லாதவரையில் எடுத்துக்கொள்கின்றன. முன்னது அண்மையில் நேர்கோட்டைப் பொருத்த, பின்னது இருபடி வளைவைப் பொருத்துகிறது. ஒரே புள்ளிகளுக்கு இரண்டு வளைகோடுகள் வருவதைக் கண்டு திகைக்கும் மாணாக்கர் பலர். கட்டுரை அச்சாகும்போது வளைகோடு மட்டும் படத்தில் இருக்கும். அகலத்தைப் பற்றிய பேச்சே இராது.

அண்மையில் சராசரி எடுக்காமல் நேர்கோட்டைப் பொருத்துவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அது ஓரங்களில் தெரியும். டிசம்பர் 31-க்கு வலப்புறம் அண்டை வீடே கிடையாது. அதன் 244 அண்டைத் தேதிகளும் இடப்புறத்தில், மே 2 வரையில் நீண்டு கிடக்கின்றன. மேற்சொன்ன நிறைகளை இட்டுச் சராசரி மட்டும் எடுத்தால், அந்தச் சாட்சிகளின் சராசரித் தேதி ஏறக்குறைய அக்டோபர் 15 ஆகிறது. டிசம்பர் 31-ஐப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அக்டோபர் நடுவின் விடை வருகிறது. சரியும் வளைகோட்டில் அது உண்மையைவிட உயரமான விடை. கோட்டைப் பொருத்தினாலோ, அந்தச் சரிவையே துணைக்கொண்டு டிசம்பர் 31 வரையில் நீட்டிப் பார்க்கலாம். ஜியான்சிங் ஃபான் 1992, 1993 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் இந்தக் குணத்தைச் சித்தாந்த ரீதியாக நிலைநாட்டினார். இலவசமாகக் கிடைப்பதன்று இது: எல்லா நிறைகளும் சமமாக உள்ள எளிய கணக்கில், ஓரத்தில் நிற்கும் கோட்டின் மாறுபாடு நடுவில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. படத்தின் வலது கோடியில் வளைகோடு சட்டென்று மேலே வளைவதைக் கண்டு, நிலைமை திரும்பிவிட்டது என்று தலைப்பெழுதும் பத்திரிகைகள் இந்த நான்கு மடங்கைக் கவனிப்பதில்லை.

கிளீவ்லாந்தின் தனிப்பட்ட பங்களிப்பு வேறொன்று. நியூ ஜெர்ஸி, நியூயார்க் பகுதிகளின் காற்று மாசு அளவைகளை ஆராய்ந்து பழகியவர் அவர். அத்தகைய அளவைகளில் தாறுமாறான மதிப்புகள் சில தலைகாட்டாமல் இரா. மீச்சிறு வர்க்க முறை அவற்றுக்குப் பெருந்தண்டம் செலுத்தும். அதற்கு அவர் செய்த உபாயம், முதலில் வளைகோட்டை வரைந்து, ஒவ்வொரு புள்ளியும் அதனின்று எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டு, அந்த விலகல்களின் இடைநிலை மதிப்பைப்போல் ஆறு மடங்குக்கு அப்பால் நிற்பவற்றை அறவே தள்ளி, உள்ளே நிற்பவற்றுக்கும் விலகலுக்குத் தக்கபடி நிறையைக் குறைத்து, வளைகோட்டை மறுபடியும் வரைவது. இதைச் சில முறை திரும்பச் செய்வது. நல்ல உபாயம்தான். ஆனால் மழை பெய்யாத நாள்களே மிகுதியான ஓர் ஊரின் மழைக் கணக்கில் இதைப் பிரயோகித்தால், பெருமழை பெய்த நாள்களையே பிழையென்று ஒதுக்கிவிடும்.

ஒரு மாறி என்ற நிலையிலிருந்து பல மாறிகளுக்குப் போனால் இந்த முறை சீக்கிரமே திணறுகிறது. பத்து மாறிகள் கொண்ட வெளியில் புள்ளிகள் சமமாகப் பரவியிருந்தால், அவற்றுள் நூற்றில் ஒரு பங்கைத் திரட்டுவதற்கே ஒவ்வொரு மாறியின் வீச்சிலும் நூற்றுக்கு 63 பங்கை வளைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் உள்ளதை அண்டை என்பது சொல்லளவில்தான்.

அண்மைச் சராசரி முறையை நிகழ்தகவு அடிப்படையில் நிறுவிய இரு கட்டுரைகளும் 1964-இல் வந்தவை. ஒன்று ஜார்ஜியாவின் நடாரயா ரஷ்யச் சஞ்சிகையில் எழுதியது. மற்றது ஜெப்ரி வாட்ஸன் எழுதியது, வெளிவந்தது கல்கத்தாவில் மகலனோபிஸ் 1933-இல் தொடங்கிய ‘சங்க்யா’ சஞ்சிகையில். மகலனோபிஸே இந்த வட்டாரத்துக்கு அந்நியரல்லர். தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுக் கணக்குகளை ஒப்பிடுவதற்காக அவர் வகுத்து 1960-இல் ‘எகனாமெட்ரிகா’வில் வெளியிட்ட முறை, குடும்பங்களைத் தலைக்குரிய செலவின்படி வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கையுள்ள கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் உணவு தானியம் போன்ற ஒரு செலவின் சராசரியைக் குறித்து, அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பது. இது வரையில் எவருக்கும் தோன்றக்கூடியது. அவர் அதோடு நில்லாமல், ஒன்றையொன்று சாராத இரண்டு துணை மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோடு வரைந்தார். இரண்டும் ஒரே மக்கள்தொகையைப் பற்றியவை. ஆகவே அவற்றுக்கு இடையே அகப்படும் பரப்பு முழுவதும் பிழையின் அளவு. வேறோர் ஆண்டின் கோடோ வேறொரு பிரதேசத்தின் கோடோ விலகி நிற்கும் பரப்பை அந்தப் பிழைப் பரப்போடு அவர் ஒப்பிட்டார். முன்னது பின்னதைவிடத் தெளிவாகப் பெரியதாக இருந்தாலொழிய, இரண்டு காலத்துக் குடும்பங்களின் வாழ்க்கையில் மாறுதல் நேர்ந்திருக்கிறது என்று அவர் முடிவு கட்டுவதில்லை.